மல்லிகாவுக்கு, குறட்டை பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மெல்போர்னில் மகளுக்குப் பிரசவம் என்ற செய்தியை இரண்டாம் பக்கத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டு, மருமகள் உன் குறட்டையைக் கைபேசியில் பதிவுசெய்து எல்லோருக்கும் போட்டுக் காட்டிய கோபத்துக்கு முதல் பக்கம் முழுவதையும் கொடுத்திருக்கிறாய். அவளைத் திட்டாதே. அந்தப் பதிவை அழிக்கவும் சொல்லாதே. மருத்துவரிடம் காட்ட வேண்டியது அதுதான்.

குறட்டை நடுவில் அறுந்து, கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் போய், பிறகு திணறலோடு மறுபடி தொடங்குகிறது என்று அவள் சொன்னாளாமே. எனக்குச் சத்தத்தைவிட அந்த இடைவெளிதான் உறுத்துகிறது. கூடவே மூன்று மாத்திரைக்கும் அடங்காத ரத்த அழுத்தம், காலைத் தலைவலி, சர்க்கரை சரியாக இருந்தும் இரவில் நாலைந்து முறை சிறுநீருக்கு எழுவது. தூங்கும்போது தொண்டை அடைத்து மூச்சு நின்று நின்று வருகிற, ஸ்லீப் ஏப்னியா எனப்படும் தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம் என்று படுகிறது. தொந்தி பெருத்த ஆண்களுக்குத்தான் அது வரும் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் அது கூடுகிறது. நாம் போய் அசதி, தூக்கமில்லை என்போம். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இரவில் சிறுநீர் வருவதற்கும் இதில் காரணம் உண்டு. அடைத்துக்கொண்ட தொண்டையோடு மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் சட்டென்று குறைந்து, இதயத்தின் மேலறைகள் இழுபடுகின்றன. உடம்பில் நீர் மிகுந்துவிட்டதாக எண்ணி இதயம் ஒரு ஹார்மோனைச் சுரந்து சிறுநீரகத்தை முடுக்கிவிடுகிறது.

வேலைக்காலம் முழுவதும் ரத்தக் குப்பிகளோடு இருந்தவள் நான். அதனால் ரத்தத்தில் நடப்பதைச் சொல்லாமல் விட மாட்டேன். மூச்சு 10 வினாடியாவது நின்றால் அதை ஒரு தடையாகக் கணக்கிடுவார்கள். மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 வரை இருந்தால் பரவாயில்லை. 30க்கு மேல் போனால் கடுமை. ஒவ்வொரு தடையிலும் ஆக்ஸிஜன் இறங்கி ஏறுகிறது, அட்ரினலின் பாய்கிறது, ரத்த அழுத்தம் எகிறுகிறது. இரவு முழுக்க இது நடந்தால் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் சும்மா இருக்காமல் ஒட்டிக்கொள்ளத் தயாராகின்றன. உறைவுக்கு வேண்டிய ஃபைப்ரினோஜன் கூடுகிறது. உண்டான உறைவைக் கரைக்க விடாமல் தடுக்கும் பிஏஐ-1 என்ற புரதமும் கூடுகிறது. ரத்தக் குழாயின் உட்சுவரும் பழுதாகிறது. உறைவது எளிதாகி, கரைவது கடினமாகும் நிலை.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இதற்கென்று தூக்கப் பரிசோதனை செய்துகொண்டு, பிறகு திடீர் இதய மரணம் அடைந்த 112 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டார்கள். இந்த நோய் இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில் இறந்திருந்தார்கள். நோய் இல்லாதவர்களில் அது 21 சதவீதம்தான். இந்த நோயோடு இதயத் துடிப்பு ஒழுங்கு தவறுவதும் சேர்ந்தே வருவதுண்டு. அப்போது மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகி மூளைக்குப் போகலாம்.

ஆனால் எல்லாப் பழியையும் மூச்சின் மேல் போடவும் எனக்கு மனமில்லை. உடற்பருமனே பிஏஐ-1ஐக் கூட்டும். எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டை அடைக்காமல் வைக்கும் சிபாப் இயந்திரத்தைப் பற்றியும் பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஏற்கெனவே இதய நோயோ பக்கவாதமோ இருந்த 2,700க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு 2016இல் வந்தது. பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது. மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் முகமூடியைப் போட்டுக்கொண்டது இரவுக்குச் சராசரியாக 3.3 மணி நேரம்தான். பாதி இரவு போட்டதை வைத்து அந்த இயந்திரத்தைப் பயனற்றது என்று தள்ள நான் தயாரில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் ரத்தம் கெட்டியாகிவிட்டது என்று ஆஸ்பிரின் போடச் சொன்னாராமே, அதைச் செய்யாதே. வயிற்றில் ரத்தக் கசிவை அது வரவழைக்கக்கூடும். மருத்துவர் சொன்னால் மட்டும் போடு.

என் கண்புரை அறுவை நல்லபடி முடிந்தது. அதனால்தான் இந்தக் கடிதத்தில் வரிகள் கோணாமல் இருக்கின்றன. மூட்டு வலி மட்டும் கூடவே இருக்கிறது.

மெல்போர்ன் பயணம் நீண்டது. விமானத்தில் அவ்வப்போது எழுந்து நட. ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தால் யாருக்குமே காலில் ரத்தம் உறையலாம், உனக்கு இந்தச் சந்தேகமும் இருக்கிறது. இயந்திரம் தேவைப்பட்டால் அதையும் எடுத்துப் போ. அதைப் பற்றி 1981இல் முதன்முதலில் எழுதிய காலின் சல்லிவன் சிட்னிக்காரர், ஆகவே அங்கே யாரும் உன்னை விநோதமாகப் பார்க்க மாட்டார்கள். டிக்கெட் போடுவதற்கு முன்பே தூக்கப் பரிசோதனையை முடித்துவிடு. அறிக்கையின் நகலை எனக்கு அனுப்பு. மணிக்கு எத்தனை தடவை, ஆக்ஸிஜன் எதுவரை இறங்கியது என்ற இரண்டையும்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
சரோஜா