இரட்டைச் சடை: ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

அம்மா வீடு திரும்பி இன்றோடு ஒன்பது நாட்கள் ஆகின்றன. மதுரையில் கழிந்த நாற்பத்தொரு நாட்களில் நடந்தவற்றை இதை வாசிக்கும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். உங்களில் பலர் அந்த மருத்துவமனை வராந்தாவில் எங்களோடு பாய் விரித்துப் படுத்தவர்கள். ஆகையால் அவற்றை மறுபடி எழுதப் போவதில்லை. எழுத உட்கார்ந்தால் இன்னும் கை நடுங்குகிறது என்பதும் உண்மை. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும்; நான் நர்சிங் படிக்க விண்ணப்பித்திருக்கிறேன் என்ற செய்தி பரவியதிலிருந்து, ஏன் இந்தப் படிப்பு என்று எல்லோரும் கேட்கும் கேள்விக்கும் பதில் சொல்லிவிட வேண்டும். எனக்கு இவ்விரண்டும் ஒன்றுதான் என்பதால் ஒரே மடலில் எழுதுகிறேன்.

நள்ளிரவில் 108 வண்டியை ஊருக்குள் வழிகாட்டி அழைத்து வந்த தெருப் பையன்கள், முகம் தெரியாமலே வந்து இரத்தம் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் பேருந்து ஏறிய கல்லூரி மாணவர்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கான வருமானச் சான்றை ஞாயிற்றுக்கிழமையிலும் எழுதித் தந்த கிராம நிர்வாக அலுவலர், எங்கள் இரண்டு பசுக்களையும் தம் பசுக்களாகவே பார்த்துக்கொண்ட கீழவீட்டுச் சித்தப்பா குடும்பத்தினர், அம்மா வேலை செய்யும் சத்துணவுக் கூடத்தின் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்ட ஆசிரியர்கள், ஒரு ரூபாய் இட்லியை என் தட்டில் எப்போதும் ஒன்று கூடுதலாக வைத்த அம்மா உணவகத்து அக்காமார்கள், மருத்துவர்கள், துப்புரவுப் பணியாளர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஒரு மடல் எழுத வேண்டும். ஆனால் இந்த மடலின் பெரும்பகுதியை நான் ஒரே ஒருவருக்கு ஒதுக்கிவிட்டேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவுப் பணியில் இருந்த செவிலியர். பெயரை எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதல் வாரம் முழுவதும் நான் அவரைச் சிஸ்டர் என்று அழைத்தேன். பிறகு அக்கா என்று ஆகிவிட்டது.

அம்மாவின் தலைமுடி இடுப்பைத் தாண்டும் என்பதும், அந்த முடியைப் பற்றி அவருக்கு இருக்கும் பெருமையும் ஊர் அறிந்தவை. தொண்டைக்குள் குழாய் வைத்து இயந்திரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்த பன்னிரண்டு நாட்களில், வியர்வையும் அசைவின்மையுமாக அந்த முடி பின்மண்டையில் ஒரே உருண்டையாகச் சிக்கேறிப் போனது. குழாய் நழுவாமல் இருக்க முகத்தைச் சுற்றிக் கட்டியிருந்த நாடாவும் அதற்குள் சிக்கிக்கொண்டிருந்தது. ஏழாம் நாள் காலையில் பணியாளர் ஒருவர் வெளியே வந்து, இப்படியே விட்டால் சிக்கு அழுத்தி மண்டையில் புண்ணாகிவிடும், முடியை வெட்டிவிடலாமா என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறே இல்லை. நான் ஒரு விநாடிகூட யோசிக்காமல் வெட்டுங்கள் என்றேன். உயிர் பிழைத்தால் போதும் என்று கிடந்த நேரத்தில் முடி எனக்கு ஒரு பொருட்டாகத் தோன்றவில்லை.

அன்று மாலை பார்வையாளர் நேரத்தில் உள்ளே போனபோது முடி வெட்டப்படாமல் இருந்தது. ஆளில்லாமல் தள்ளிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் சிக்கின் ஒரு பக்கம் மட்டும் பிரிந்து, எண்ணெய் மினுங்கியது. மூன்றாம் நாள் மாலையில், அம்மாவின் நெற்றிக்கு நேராக வகிடு எடுத்து இரண்டு சடைகளாகப் பின்னி, இரண்டையும் தோள்களின் மேல் முன்பக்கமாக எடுத்துப் போட்டு, நுனிகளைக் கட்டுத்துணிக் கீற்றுகளால் முடிச்சிட்டிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் வரையில் எனக்கு அம்மா பின்னிவிட்ட அதே இரட்டைச் சடை. அத்தனை குழாய்களுக்கும் கம்பிகளுக்கும் நடுவே அம்மா பள்ளிக்கூடம் புறப்பட்ட பிள்ளையைப் போலக் கிடந்தார். மருத்துவமனையில் சேர்த்த நாளிலிருந்து அழாத நான் அங்கே நின்று அழுதேன். காவலர் வந்து நேரமாகிவிட்டது என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

யார் செய்தார்கள் என்பதை விசாரித்துத் தெரிந்துகொள்ள மேலும் ஒரு நாள் ஆயிற்று. இரவு இரண்டு மணிக்கு நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்து, குறிப்பேட்டை எழுதி முடித்த பிறகு கிடைக்கும் சிறிது நேரத்தில், தம் பையில் இருந்த தேங்காய் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு, நுனியிலிருந்து வேரை நோக்கி இழை இழையாக அக்கா அதைப் பிரித்திருக்கிறார். கத்தரிக்கோலால் ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கக் கூடிய வேலைக்கு இரண்டு இரவுகள். வெட்டுவதற்கு நானே சம்மதம் சொல்லியிருந்தேனே, பிறகு ஏன் என்று கேட்டேன். "நீ சொல்லிட்ட. அவங்க சொல்லலையே, தங்கச்சி. முழிச்சதும் மொதல்ல கை அங்கதான் போகும்" என்றார்.

நான் பெரிதாக நன்றி சொல்லத் தொடங்கியதும் அவர் முகம் மாறியது. நீங்கள் தெய்வம் என்று நான் சொல்லிவிட்டேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. படுக்கையிலேயே குளிப்பாட்டுவது, வாய் துடைப்பது, முதுகைப் பேணுவது, தலை அலசுவது, தலை வாருவது எல்லாம் நர்சிங் முதல் ஆண்டிலேயே சொல்லித் தரும் பாடங்கள் என்றும், தேர்வில் அவற்றைச் செய்து காட்ட வேண்டும் என்றும் விளக்கினார். ஒற்றைச் சடையோ கொண்டையோ போட்டால் முடிச்சு மண்டைக்குக் கீழே அழுத்தும். அதனால்தான் இரண்டாகப் பிரித்து முன்னால் எடுத்துப் போடுவது. பின்மண்டை, தோள்பட்டை, முழங்கை, வால் எலும்பு, குதிகால் என்று எலும்பு தோலுக்கு நெருக்கமாக இருக்கும் இடங்களில்தான் படுக்கைப் புண் வரும். இரண்டு மணிக்கொரு முறை புரட்டுவது அதற்காகத்தான். தலைப்பக்கத்தை எப்போதும் முப்பது பாகையாவது உயர்த்தியே வைத்திருந்ததும், வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது என்பதற்காக. இத்தனை நாட்களாகக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அங்கே நடந்தவற்றில் எதுவும் ஏனோதானோ என்று நடக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

என் முடிவுக்குக் காரணமும் அதுதான். அந்தச் சடையை நான் அதுவரை இரக்கம் என்று நினைத்திருந்தேன். இரக்கம் என்றால் அது ஒருவரிடம் இருக்கும், இன்னொருவரிடம் இருக்காது. என்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அம்மாவுக்குச் சளி உறிஞ்சும் சத்தத்தைத் தாங்க முடியாமல் வெளியே ஓடிவந்தவள் நான். ஆனால் அது கற்றுக்கொள்ளக் கூடிய வேலை என்று தெரிந்த பிறகு, கற்றுக்கொண்டால் என்ன என்று தோன்றியது. ஓடிவந்ததையும் அக்காவிடம் சொன்னேன். முதல் ஆண்டில் தாமும் ஓடியதாகச் சொன்னார்.

நாங்கள் அங்கே இருந்தபோதுதான் மே 12, உலகச் செவிலியர் நாள், வந்தது. மெழுகுவத்தி ஏற்றினார்கள், கேக் வெட்டினார்கள், சிறப்பு விருந்தினர் ஒருவர் செவிலியர்களைத் தேவதைகள் என்றும் தியாகச் சுடர்கள் என்றும் நெடுநேரம் பாராட்டினார். அன்று இரவு அக்காவின் முகத்தைப் பார்த்தால், அந்தச் சுடர் எதையும் கேட்டதாகவே தெரியவில்லை. வழக்கம்போல் சிறுநீர்ப் பையின் அளவைக் குறித்துக்கொண்டிருந்தார். 1820இல் அதே மே 12ஆம் நாளில் பிறந்த, செவிலியப் பணியின் முன்னோடியான நைட்டிங்கேல் அம்மையாரைக் கையில் விளக்கோடு மட்டுமே நமக்குப் படம் வரைந்து காட்டுகிறார்கள். கிரீமியப் போரில் காயத்தால் செத்த வீரர்களைவிட நோயால் செத்தவர்களே அதிகம் என்பதைக் கணக்கெடுத்து, வரைபடம் போட்டு, அரசாங்கத்தை நம்ப வைத்தவர் அவர். விளக்கைவிட அந்தக் கணக்கேடுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சேவை என்ற சொல்லின் மேல் எனக்கு இப்போது கொஞ்சம் சந்தேகமும் வந்திருக்கிறது. சேவை என்று சொல்லிவிட்டால் சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை என்று ஆகிவிடுகிறது. நம் மாநிலத்தில் தொகுப்பூதியத்தில் ஆண்டுக்கணக்கில் பணியாற்றிவிட்டு, நிரந்தரப் பணி கேட்டுச் சாலையில் அமர்ந்த செவிலியர்களை நாம் செய்திகளில் பார்த்திருக்கிறோம். வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு, நோயாளியின் அருகில் இருந்து பார்த்துக்கொள்பவனான உழைச்செல்வானையும் நான்காவதாகச் சமமாக வைக்கிறார். உழை என்றால் பக்கம் என்று எங்கள் தமிழ் ஐயா வகுப்பில் சொன்னபோது மதிப்பெண்ணுக்காக மட்டும் எழுதிக்கொண்டேன்.

இனி, கேட்டவர்களுக்கு. மருத்துவப் படிப்பு கிடைக்காததால் இதற்கு வந்தேனா என்றால், இல்லை. நான் அதற்கு முயலவே இல்லை. இரவுப் பணி இருக்கிறதே என்று பெரியம்மா கவலைப்படுகிறார். அம்மாவை இரவில்தான் காப்பாற்றினார்கள், பெரியம்மா. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று கேட்ட மாமாவுக்கு, அவர்களும் ஒரு நாள் நோயில் படுப்பார்கள் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு ஆண்டுகள். அதற்கு மதிப்பெண் போதாவிட்டால் மூன்று ஆண்டுப் பட்டயப் படிப்பில் சேர்வேன். பெரிய சபதம் எதுவும் செய்யும் நிலையில் நான் இல்லை. இரவு இரண்டு மணிக்குப் புரட்ட வேண்டியவரை இரண்டு மணிக்கே புரட்டுவேன் என்பதையும், பேச முடியாமல் கிடப்பவரின் முடியை மற்றவர் சம்மதத்தை மட்டும் நம்பி வெட்டமாட்டேன் என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன். தவறினால் இதைக் காட்டிக் கேளுங்கள்.

அக்கா, நீங்கள் சொன்னது சரியாக இருந்தது. குழாயை எடுத்து, கைக்கட்டை அவிழ்த்த அன்று அம்மாவின் கை முதலில் தலைக்குத்தான் போனது. சடையை மெல்ல இழுத்து, நுனியிலிருந்த கட்டுத்துணியைத் தடவிப் பார்த்தார். குரல் வர மேலும் இரண்டு நாட்களாயின. அதற்குள் உங்களுக்கு வேறு பிரிவுக்குப் பணி மாறிவிட்டது. அவர் பேசிய முதல் வாக்கியத்தை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன், பொறுக்கவில்லை, எழுதிவிடுகிறேன். "யாரு பின்னுனது, வகிடு கோணலா இருக்கு" என்றார்.

அடுத்த மாதம் மறுபரிசோதனைக்கு வருகிறோம். அந்த எண்ணெய்க்குப் பணம் தந்தால் நீங்கள் வாங்கமாட்டீர்கள் என்று தெரியும். ஆகவே செக்கில் ஆட்டிய எண்ணெய் ஒரு போத்தல் கொண்டுவருகிறோம். வகிடு எடுப்பது எப்படி என்று நம் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லித் தரப்போவதாக அம்மா சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
உங்கள் தங்கச்சி