நம் ஊர் வரலாற்றுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள ஊராருக்கும், பிழைப்புக்காக வெளியூர் போன சொந்தங்களுக்கும் வணக்கம்.

நம் ஊர் வரலாற்றுத் தொகுப்பு அச்சாகி வந்துவிட்டது. பொங்கலுக்கு வந்தவர்கள் வாங்கிப் பார்த்தீர்கள். அட்டையில் என் பெயர் ஒன்றுதான் இருக்கிறது. உள்ளே இருப்பதில் பெரும்பகுதி நீங்கள் சொன்னது, நீங்கள் எடுத்துக் கொடுத்தது. அதை எல்லோருக்கும் தெரியச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல். "என் பேரப் போடாத" என்று பலரும் கேட்டுக்கொண்டதால் இங்கே யார் பெயரையும் எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

இந்த வேலையில் நான் இறங்கியதற்கு நம் பக்கத்து இருவேல்பட்டுதான் காரணம். 1916இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு சில கிராமங்களை ஆராய்ந்தார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு என்று கேட்டு எழுத வைத்தார். தென்னாற்காட்டில் அப்படி எழுதப்பட்ட ஊர் இருவேல்பட்டு. 1936-37இல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அந்தக் கிராமங்களை மறுபடி ஆராய்ந்தார்கள். 1981இல் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்கு வந்தார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் வந்தார்கள். ஏறக்குறைய நூறு வருஷத்துக் கதை ஒரே ஊருக்கு எழுத்தில் இருக்கிறது. அதே மலட்டாற்றுத் தண்ணீரைக் குடிக்கிற நம் ஊருக்கு ஒரு பக்கம்கூட இல்லை. அந்த ஏக்கம் எனக்குக் கல்லூரி நாளிலிருந்தே உண்டு.

அந்த ஆங்கிலக் கட்டுரைகளை எனக்காக வரிவரியாகத் தமிழில் படித்துச் சொன்ன கல்லூரி ஆசிரியருக்கு முதல் நன்றி. ஐயா, படியாள் முறையைப் பற்றிய இடம் வந்ததும் நீங்கள் படிப்பதை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தீர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரே பண்ணையில் வருஷம் முழுக்க உழைப்பது, கடன் தீராமல் வேறு இடத்துக்குப் போக முடியாமல் இருப்பது, இதெல்லாம் ஆய்வாளர்களுக்கு ஆராயும் பொருள். எங்கள் வீட்டில் அது தாத்தாவின் வாழ்க்கை. அந்த முறை இன்று இல்லை என்று 2008இல் வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அது எப்படிப் போனது, நம் ஊரில் யார் முதலில் பண்ணையை விட்டு வெளியே வந்தார்கள் என்று கேட்டு எழுதச் சொன்னது நீங்கள்தான். தொகுப்பின் நாலாம் பகுதி அப்படி வந்தது.

அப்புறம், புள்ளியியல் துறையில் வேலை பார்க்கிற நம் ஊர்த் தங்கை. மக்கள்தொகைக் கணக்கைப் படிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். கணக்கெடுப்பில் 'கிராமம்' என்று வருவது வருவாய் கிராமம். நம் ஊரும் ஏரிக்கு அந்தப் பக்கம் உள்ள இரண்டு குக்கிராமங்களும் அதில் ஒரே எண்ணாகக் கிடக்கின்றன. அதை அப்படியே எடுத்து 'நம் ஊரின் மக்கள்தொகை' என்று போட்டுவிடக் கூடாது என்று அவள் பிடிவாதமாக நின்றாள். வாக்காளர் பட்டியல் தெருவாரியாக இருப்பதால் அதை வைத்துப் பிரித்துப் பார்த்தோம். அதிலும் ஒரு சிக்கல். 1989க்கு முன்னால் வாக்குரிமை வயது 21, அதற்குப் பிறகு 18. பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் நேராக ஒப்பிட முடியாது என்று சொல்லி, தொகுப்பில் அதற்கு ஒரு குறிப்பும் அவளே எழுதித் தந்தாள். சென்னை மாகாணம் முழுவதும் 1871இல் கணக்கெடுத்தார்கள், 1881இல் மறுபடி எடுத்தார்கள். பத்து வருஷத்தில் ஜனம் கூடியிருக்க வேண்டியது, குறைந்திருந்தது. நடுவில் வந்தது தாது வருஷப் பஞ்சம். நம் ஊர்ப் பெரியவர்கள் 'தாது வருஷம்' என்று சொன்னால் குரலைத் தாழ்த்திக்கொள்வது ஏன் என்று அந்த இரண்டு எண்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஊர் நிலக்கணக்கு எழுதிவந்த பழைய கர்ணம் வீட்டுப் பேரனுக்கு என் மனமார்ந்த நன்றி. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், மணியம் என்ற ஊர் அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. அதன் பிறகு அந்த வீட்டில் மிஞ்சிய காகிதங்களைப் பரணில் சிவப்புத் துணியில் மூட்டையாகக் கட்டி, வேப்பிலை போட்டு வைத்திருந்தார்கள். திண்ணையில் விரித்துப் பார்த்தபோது பாதி செல்லரித்திருந்தது. மீதியை அண்ணன் ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பிடிக்க, நான் படம் எடுத்தேன். எந்தக் கொல்லையில் என்ன பயிர், எது ஏரிப் பாசனம், எது கிணற்றுப் பாசனம், யார் பட்டாதாரர், எல்லாம் அதில் இருந்தது. எங்கள் தெரு மட்டும் இல்லை. இருந்ததெல்லாம் 'சேரி நத்தம்', அதாவது சேரிக் குடியிருப்பு நிலம், என்ற இரண்டு சொல்லும் ஒரு சர்வே எண்ணும்தான். நிலம் இருந்தால்தானே பட்டா, பட்டா இருந்தால்தானே பெயர். பயிர் வைத்த கைகள் எதுவும் அந்தக் கணக்கில் வரவில்லை.

அந்த இடத்தை நிரப்பியவர்கள் எங்கள் தெரு ஆயாக்கள். இந்தத் தொகுப்பில் மற்ற எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டியவர்கள் அவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிழக்குக் கோடி வீட்டு ஆயா தெருவின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தார். இந்த வீட்டில் யார் இருந்தார், அவர் எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார், எத்தனை பிள்ளை, எது தங்கியது, எது தங்கவில்லை, யார் எந்தப் பண்ணைக்குப் போனார் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, விட்ட வீட்டிலிருந்தே தொடர்ந்தார். வருஷம் கேட்டால் தெரியாது. "ரூவாய்க்கு ஒரு படி அரிசின்னு சொல்லி ஓட்டு கேட்டாங்களே, அப்ப இவ கைப்புள்ள" என்பார். 1967 என்று குறித்துக்கொள்வேன். "இந்திரா காந்திய சுட்டப்ப எம் மருமவ மாசமா இருந்தா" என்றால் 1984. இப்படியே ஐம்பது அறுபது வருஷத்துப் பிறப்பும் சாவும் வரிசைக்கு வந்தன. பிறந்து சில நாளில் போய்விட்ட குழந்தைகளுக்குக்கூட அவரிடம் பெயர் இருந்தது. எந்தப் பதிவேட்டிலும் இல்லாத அந்தப் பெயர்களைத் தனிப் பக்கத்தில் போட்டிருக்கிறோம். ஆயா, அந்தப் பக்கத்தை உங்கள் பேத்தி படித்துக் காட்டியபோது நீங்கள் ஒவ்வொரு பெயருக்கும் தலையாட்டினீர்கள். எனக்கு அது போதும்.

பெரிய வீட்டு ஐயாவுக்கு நான் எழுதுவது கொஞ்சம் வேறு மாதிரியானது. உங்கள் தாத்தா காலத்துப் பண்ணைக் கணக்குப் புத்தகத்தை நீங்களே எடுத்து வந்து கொடுத்தீர்கள். நான் கேட்டிருக்கவில்லை. அதில் என்ன இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நெல் வாங்கியவர், கல்யாணச் செலவுக்குப் பணம் வாங்கியவர், வட்டி, பாக்கி என்று பக்கம் பக்கமாக எங்கள் தெரு ஆண்களின் பெயர்கள். எங்கள் தாத்தா பெயருக்கு நேரே நீல மையில் அவருடைய இடது கட்டைவிரல் ரேகை. பட்டாவில் இல்லாத, பள்ளிக்கூடத்தில் இல்லாத அவர் பெயரை நான் எழுத்தில் பார்த்த ஒரே இடம் அதுதான். "போட்டுடு தம்பி, நடந்ததுதானே" என்று நீங்கள் சொன்னீர்கள். தங்கள் குடும்பத்துக்குச் சங்கடம் தரக்கூடிய காகிதத்தைத் தாங்களே கொண்டுவந்து கொடுப்பவர்கள் குறைவு. அந்தப் பக்கத்தை அப்படியே படமாகப் போட்டிருக்கிறோம்.

பள்ளித் தலைமையாசிரியை அனுமதியோடு சேர்க்கைப் பதிவேடுகளையும் பார்த்தோம். பழைய பக்கங்களில் பாதிப் பிள்ளைகள் மே, ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். பள்ளியில் சேர வயது சரியாக வரட்டும் என்று அந்தக் காலத்து வாத்தியார்கள் போட்டுக்கொடுத்த பிறந்தநாள் அது. அதனால் பிறந்த மாதத்தை விட்டுவிட்டு, சேர்ந்த வருஷத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். எங்கள் தெருப் பெண் பிள்ளைகளின் பெயர்கள் 1982க்கு முன்னால் இரண்டாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன, அதற்கப்புறம் ஐந்தாம் வகுப்பு வரை போகின்றன. 1982 ஜூலையில்தான் சத்துணவு வந்தது. இன்று அதே பள்ளியில் வகுப்பறை இருக்கிறது, பிள்ளைகள் குறைவு. வீட்டுக்கு ஒன்று இரண்டு பிள்ளை என்றாகிவிட்டது. அந்தப் பிள்ளைகளோடு தாய் தகப்பன் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் கட்டட வேலைக்கும் பனியன் வேலைக்கும் போய்விடுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. கரும்பு வெட்ட வெளியூரிலிருந்து ஆள் கூட்டி வருகிற நிலைமையை ஐம்பது வருஷம் முன்னால் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள்.

2024 டிசம்பர் வெள்ளத்தை நம்மில் யார் மறக்க முடியும். ஃபெஞ்சல் புயல் மழையோடு சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை கரை கொள்ளாமல் வந்தது. திருவெண்ணெய்நல்லூர், அரசூர், இருவேல்பட்டு என்று இந்தப் பக்கமே மூழ்கியது. அந்த ராத்திரி வீட்டுச் சாமானை அப்படியே போட்டுவிட்டு, கர்ணம் வீட்டு மூட்டையையும் என் நோட்டுகளையும் தலையில் வைத்துப் பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டுபோன நாலு தம்பிகளுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது? உங்கள் வீட்டில் நெல் மூட்டை நனைந்து முளைத்துப் போனது. காகிதம் ஒன்றுகூட நனையவில்லை. உங்கள் அம்மாமார் யாரும் இதுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தட்டச்சு செய்து கொடுத்த தங்கைக்கும், தெரு வரைபடம் போட்டுத் தந்த சர்வேயர் மாமாவுக்கும், பழைய கல்யாணப் போட்டோக்களைச் சட்டத்திலிருந்து கழற்றிக் கொடுத்த எல்லோருக்கும், அச்சுச் செலவுக்கு சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் பணம் அனுப்பியவர்களுக்கும் நன்றி. போட்டோக்கள் அத்தனையும் அந்தந்த வீட்டுக்குத் திரும்பிவிட்டன. ஏதாவது வராமல் இருந்தால் உடனே சொல்லுங்கள்.

பிரதிகள் பள்ளிக்கூடத்திலும் ஊராட்சி அலுவலகத்திலும் இருக்கின்றன. எங்கள் தெருவில் பஜனைக் கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் கேட்டால் கிடைக்கும். மேற்குத் தெருவில் மூன்று வீட்டுக் கதை இன்னும் சரியாகச் சேரவில்லை. அந்த வீட்டார் சித்திரையில் ஊருக்கு வரும்போது கொஞ்ச நேரம் ஒதுக்கித் தர வேண்டும். 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இப்போது 2027இல் நடக்கப்போகிறது. அதற்கு முன்னால் தெருவாரியாக நாமே ஒரு வீட்டுப் பட்டியல் எடுத்து வைத்துக்கொண்டால் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று தங்கை சொல்கிறாள். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் தெருவுக்கு இரண்டு பேர் வந்தால் போதும். வர விரும்புகிறவர்கள் தலைமையாசிரியையிடம் பெயர் கொடுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் ஊர்ப் பிள்ளை