தனிப் படகு என்று பணம் வாங்கிவிட்டு ஒன்பது பேரை ஏற்றிய டோரோ நதிப் பயணம்: ஐந்தாவது முறையாகப் புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம். முதல் நான்குக்கும் "தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரே பதில்தான் வந்தது, தேதி மட்டும் மாறியது. ஏழு வாரம் ஆகிவிட்டது, தீபாவளியும் வந்து போய்விட்டது. ஆபீஸில் சாப்பாட்டு நேரம் முழுக்க உங்கள் டோல் ஃப்ரீ நம்பரில் பாட்டைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குச் சலித்துவிட்டது. தயவுசெய்து இந்த ஒரு கடிதத்தையாவது முழுசாகப் படியுங்கள்.

பதிவு எண் உங்களிடம் இருக்கிறது. போர்ச்சுகல், டோரோ நதி, நாலு பேருக்குத் தனிப் படகு, ஒயினும் வட்டார உணவும் ருசி பார்ப்பது, ஐந்து மணி நேரம், 1,12,000 ரூபாய். அதில் என்னென்ன உண்டு என்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, விற்றவர்கள் நீங்கள். செப்டம்பர் 11, எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள். நானும் என் வீட்டுக்காரரும், நாத்தனாரும் அவர் வீட்டுக்காரரும் போனோம். இந்தத் தேதியைப் பிடிப்பதற்காகவே மூன்று மாதம் முன்பே முழுப் பணத்தையும் கட்டினேன். உங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் நன்றாகவே ஞாபகம் இருந்தது, பணம் வாங்கும் வரைக்கும்.

முதலில் அந்த ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மற்றது எதுவும் எழுத வராது. படகில் வந்த தட்டைப் பார்த்துவிட்டு அங்கிருந்தே உங்கள் அவசர உதவி நம்பருக்கு போன் செய்தேன். சென்னையில் ஒருவர் எடுத்தார். நாங்கள் சைவம், பதிவு செய்யும்போதே சொல்லி, மெயிலில் உறுதியும் வாங்கியிருக்கிறோம், இங்கே தட்டு முழுக்கக் கறியாக இருக்கிறது என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மேடம், அது அல்யெய்ரா. அதுல பன்றி கிடையாது, சிக்கன்தான். வெஜ் மாதிரிதான் மேடம், சாப்பிடலாம்." நான் திரும்பவும் நிதானமாகத்தான் சொன்னேன். உடனே அவர், "ஒயின் டூருக்கு வந்துட்டு வெஜ் வெஜ்னா எப்படி மேடம்? வீட்லயே இருந்திருக்கலாமே" என்றார். பக்கத்தில் நாத்தனார் உட்கார்ந்திருக்கிறார், போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. இருபத்தைந்து வருஷக் குடும்ப வாழ்க்கையில் என்னை யாரும் இப்படிப் பேசியதில்லை.

அல்யெய்ரா என்றால் என்ன என்று போவதற்கு முன்பே நான் படித்துத் தெரிந்துகொண்டேன். ரொட்டியும் பூண்டும் கோழியும் போட்டுச் செய்கிற தொத்திறைச்சி. பன்றி சாப்பிடாத யூதர்கள் அந்தக் காலத்தில் அதைச் செய்தார்கள் என்று சொல்வார்கள். பன்றி இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் கோழி காய்கறி ஆகிவிடுமா? ஒரு வாடிக்கையாளருக்குத் தெரிந்தது உங்கள் ஆளுக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்துதான் சொன்னாரா?

சரி, அன்று காலையிலிருந்து நடந்ததைச் சொல்கிறேன். வவுச்சரில் "காலை 10.30, ரேகுவா படகுத்துறை" என்று போட்டிருந்தீர்கள். போர்ட்டோவிலிருந்து ரயிலில் போனோம். பாதி வழிக்கு மேல் தண்டவாளம் ஆற்றங்கரையை ஒட்டியே போகிறது, அந்த இரண்டு மணி நேரம்தான் அன்றைக்கு நாங்கள் சந்தோஷமாக இருந்த நேரம். ரேகுவாவில் இறங்கித் துறையில் ஒரு மணி பத்து நிமிஷம் வெயிலில் நின்றோம். செப்டம்பரிலும் அந்தப் பள்ளத்தாக்கில் வெயில் கோடை மாதிரி அடிக்கிறது. படகு வரவில்லை. போன் செய்தால் "வாட்ஸப் பார்க்கலையா? படகு பின்யாவில் இருக்கு" என்றார்கள். பின்யா ஆற்றில் இன்னும் மேலே இருக்கிற ஊர். அந்தச் செய்தி 9.52-க்கு அனுப்பப்பட்டிருக்கிறது. அப்போது நாங்கள் ரயிலில் சுரங்கம் சுரங்கமாகப் போய்க்கொண்டிருந்தோம், சிக்னலே இல்லை. அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்ததால் 40 யூரோ கொடுத்து டாக்ஸி பிடித்தோம். அந்த மலைப்பாதை எவ்வளவு அழகானது என்று ஊரே சொல்கிறது. நாங்கள் நாலு பேரும் கடிகாரத்தையும் மீட்டரையும் பார்த்துக்கொண்டு போனோம்.

இதில் உங்களுக்குப் புரியாத ஒன்று இருக்கிறது, ஏழு வாரமாகச் சொல்லியும் புரியவில்லை. ரேகுவாவில் ஏறுவது என்பது வெறும் இடம் இல்லை. ரேகுவாவுக்கும் பின்யாவுக்கும் நடுவில் அணை இருக்கிறது. படகு ஒரு காங்கிரீட் தொட்டிக்குள் நுழைந்து, பின்னால் கதவு மூடி, தண்ணீர் ஏற ஏற இருபத்தைந்து மீட்டருக்கு மேல் உயர்ந்து அணைக்கு அந்தப் பக்கம் போகும். உங்கள் விளம்பரத்தில் முதல் படமே அதுதான். என் வீட்டுக்காரர் பொதுப்பணித் துறையில் இருப்பவர், பவானிசாகரில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவர். மதகும் ஷட்டரும் பார்த்துப் பழகிய மனுஷன், படகு அணை ஏறுவதைப் பார்க்க வேண்டும் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒயினை விட அதுதான் அவருக்கு. பின்யாவில் ஏறினால் அந்த அணை கிடையாது. டாக்ஸி அணையைத் தாண்டிப் போனபோது அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, மறையும் வரை பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. "படகு படகுதானே மேடம், எங்க ஏறினா என்ன" என்றார் உங்கள் ஆள். அதே ஆள்தான்.

பின்யாவில் படகில் ஏறினால் ஏற்கெனவே ஐந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். படகோட்டி வயசானவர், தன் சீட்டைக் காட்டினார். அதில் ஒன்பது என்று எழுதியிருந்தது, எங்கள் பெயரும் அவர்கள் பெயரும் ஒன்றின் கீழ் ஒன்றாக. அவர்கள் பாவம், அவர்களும் தனிப் படகு என்று நினைத்துத்தான் வந்திருந்தார்கள். ஒரே படகை இரண்டு குடும்பத்துக்குத் தனித்தனியாக விற்றிருக்கிறீர்கள். இதற்குத் தமிழில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும், மரியாதைக்காக எழுதவில்லை.

ஒயினைப் பற்றி. அந்தப் பள்ளத்தாக்கின் போர்ட் ஒயினில் வெள்ளை, பத்து வருட டானி, இருபது வருட டானி, கூடவே ஒரு டோரோ சிவப்பு ஒயின், குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறு என்று நீங்கள் எழுதித் தந்திருக்கிறீர்கள். வந்தது பிளாஸ்டிக் டம்ளரில் ஒரே வகை. என் வீட்டுக்காரர் நிறத்தைப் பார்த்தவுடனே சொல்லிவிட்டார், இது ரூபி என்கிற இளம் போர்ட் என்று. மரப் பீப்பாயில் வருஷக்கணக்கில் கிடந்த டானி சிவப்பு வெளிறிச் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும், ரூபி நாவல்பழச் சாறு மாதிரி அடர்த்தியாக இருக்கும். பாட்டில் முன்பே திறந்திருந்தது. கழுத்தில் இருக்க வேண்டிய போர்ட் ஒயின் முத்திரைச் சீட்டைத் தேடினார், பாதி கிழிந்திருந்தது. 1756-லேயே எல்லை வகுத்து, எது போர்ட், எது இல்லை என்று சட்டம் போட்டுக் காப்பாற்றி வைத்திருக்கிற ஊர் அது. அந்த ஊரில் நின்றுகொண்டு இருபது வருட டானிக்குப் பணம் கொடுத்தவருக்கு ரூபியை நீட்டினால் தெரியாது என்று நினைத்தீர்களா? எனக்குத் திராட்சைச் சாறும் வரவில்லை. தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள், அதற்கு 2 யூரோ வாங்கினார்கள்.

தட்டுக்கு வருகிறேன். மரப்பலகையில் பிரெசுன்ட்டோ என்கிற பன்றித் தொடை இறைச்சி மெல்லிசாகச் சீவிப் பரப்பி, நடுவில் அந்த அல்யெய்ரா, ஓரத்தில் நாலு துண்டு சீஸ். சீஸின் மேல் இறைச்சியின் கொழுப்பு உருகி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆலிவ் கிண்ணத்தில் தொத்திறைச்சி வெட்டிய முள்கரண்டியைப் போட்டு வைத்திருந்தார்கள், எண்ணெயில் சிவப்பாக மிதந்தது. கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுப்பதைச் சேர்க்காமல் முட்செடிப் பூவால் உறைய வைக்கிற செம்மறி ஆட்டுப்பால் சீஸ் செர்ரா த எஸ்த்ரேலா மலைப்பகுதியில் உண்டு என்று தேடிக் கண்டுபிடித்து நான் உங்களுக்கு மெயில் போட்டேன், "கண்டிப்பாக ஏற்பாடு செய்கிறோம்" என்று பதிலும் வந்தது. மக்காச்சோள ரொட்டி, பாதாம், தேன், அத்திப்பழம், ஆலிவ் எண்ணெய், எல்லாம் அந்த மண்ணில் விளைவதுதான். சைவக்காரர்களுக்கு அங்கே சாப்பாடு இல்லாமல் இல்லை, உங்களுக்குத்தான் மனசில்லை. கடைசியில் அந்தப் படகோட்டி தன் பையிலிருந்து துணியில் சுற்றிய மக்காச்சோள ரொட்டியை எடுத்து, கத்தியைத் துடைத்து, ஐந்து துண்டு போட்டு, ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு நாலை எங்களிடம் நீட்டினார். காலையில் பறித்தது என்று சைகை காட்டி ஒரு கொத்துத் திராட்சையும் கொடுத்தார். கல்யாண நாளில் நாங்கள் சாப்பிட்டது அவருடைய மதியச் சாப்பாடு. இதை எழுதும்போதும் எனக்கு அழுகை வருகிறது.

துவா ஆறு வந்து சேரும் இடம் வரை போகும் என்றீர்கள், போகவில்லை. 55 நிமிஷத்தில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள், இரண்டு மணிக்கு அடுத்த ஆட்கள் இருக்கிறார்களாம். அறுவடை நேரம், மலைச் சரிவில் படிப்படியாகக் கட்டிய தோட்டங்களில் ஆட்கள் கையாலேயே பறித்துக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

இப்போது எனக்கு எல்லாவற்றையும் விட எரிச்சல் தரும் விஷயம். அந்த நாட்டில் ஒவ்வொரு கடையிலும் புகார்ப் புத்தகம் வைத்திருக்க வேண்டும், கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், அது 2005-ல் போட்ட சட்டம். படகுத்துறைக் கூண்டிலும் சிவப்பு அட்டை போட்டு இருந்தது. நான் கேட்டு வாங்கி, பேனாவும் எடுத்துவிட்டேன். அப்போது உங்கள் ஆள், அதே ஆள், போனில் "மேடம், அதுல எழுதினா எங்களால ரீஃபண்ட் போட முடியாது. ஊருக்கு வாங்க, ஒரு வாரத்துல முடிச்சுத் தரேன்" என்றார். நான் நம்பிப் புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டேன். ஒரு வார்த்தைக்காக நம்பினேன். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை.

அப்புறம் சென்னை விஷயம். கோவை கிளையில் அசல் வவுச்சரோடு நேரில் தலைமை அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். ஒரு நாள் லீவு போட்டு, ராத்திரி ரயில் ஏறிப் போனேன். ரிசப்ஷனில் இரண்டரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரலை நான் மறப்பேனா? "கண்டிப்பா மேடம், ஒரு வாரத்துல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க வேண்டும் என்றேன். "அந்த டெஸ்க் பெங்களூருக்கு மாத்திட்டாங்க" என்றார்கள். குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது, ஆள் பெங்களூரில் இருக்கிறாராம். வவுச்சரின் ஜெராக்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு, அதற்கு ஒரு ரசீதுகூடக் கொடுக்காமல் அனுப்பினார்கள். அன்று ராத்திரி கோவைக்குத் திரும்பும் ரயிலில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

போன வாரம் "நல்லெண்ண அடிப்படையில்" அடுத்த பயணத்துக்கு 15 சதவீதம் தள்ளுபடி தருவதாக மெயில் வந்தது. எனக்கு உங்களோடு அடுத்த பயணம் வேண்டாம்.

நான் கேட்பது இதுதான். 1,12,000 ரூபாய் முழுசாகத் திரும்ப வேண்டும். டாக்ஸிக்குக் கொடுத்த 40 யூரோவும் சென்னை போய்வந்த செலவும் வேண்டும். மனவேதனைக்கு ஒரு லட்சம். உண்மையில் அந்த ஒரு நாளுக்காகத்தான் ஐரோப்பாவே போனோம், அதனால் மொத்தப் பயணமும் வீண், மொத்தப் பணத்தையும் கேட்க எனக்கு நியாயம் இருக்கிறது. அப்படிக் கேட்கவில்லை. அப்புறம், அந்த நபர் என் நாத்தனாருக்கும் எனக்கும் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தில்கூடப் பேசித் தீர்க்கலாம், இதில் முடியாது.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்களும் இருப்பார்கள், பதிவு செய்த நாளில் பேசிய பெண் எவ்வளவோ பொறுமையாகப் பேசினார். அதனால்தான் இன்னும் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பத்து நாள் பார்ப்பேன். அதற்குள் பணம் வராவிட்டால் கோவை நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இனி நீங்கள்தான் கோவைக்கு அலைய வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் சொல்வேன். கார்டு கொடுத்த வங்கியில் கட்டணத்தை மறுத்துக் கேட்க மனு தயாராக இருக்கிறது. அந்தப் போர்ச்சுகல் புகார்ப் புத்தகம் ஆன்லைனிலும் இருக்கிறது, வீட்டில் உட்கார்ந்தே எழுதலாம், உங்கள் அங்கத்திய கூட்டாளி 15 வேலை நாளில் பதில் சொல்லியாக வேண்டும். அன்று மூடிக் கொடுத்ததை இந்த முறை மூட மாட்டேன்.

உங்கள் மெயில்கள், 9.52 வாட்ஸப், தட்டின் படங்கள், பாட்டிலின் படம், டாக்ஸி ரசீது எல்லாவற்றையும் மறுபடியும் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் பதில் போடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர், கோயம்புத்தூர்

பின்குறிப்பு: எங்களுக்குத் தர வேண்டியதை அந்தப் படகோட்டியின் கூலியில் பிடித்துவிடாதீர்கள். அவர் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. பிடித்ததாகத் தெரிந்தால் அதையும் புகாரில் சேர்ப்பேன்.