நீளத்தைக் கேட்கிறோம், வேகத்தைக் கேட்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில், மாடி அறையில் இருக்கும் கம்ப்யூட்டரைக் கீழே கூடத்து டிவியோடு இணைக்க 15 மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் வாங்கலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். "தாராளமாக வாங்கலாம், 2.0 என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்" என்று பதில் வந்திருந்தது. அந்த வரியை நம்பி எத்தனை பேர் கடைக்குக் கிளம்பினார்களோ. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தொலைபேசித் துறையில் கேபிள் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஜெல்லி கேபிளைப் பிரித்து ஜோடி ஜோடியாக ஜாயிண்ட் போட்ட கை. இப்போது காரைக்குடியில் தெரிந்த வீடுகளிலும் பள்ளிகளிலும் டிவியில் படம் வரவில்லை என்றால் கூப்பிடுகிறார்கள், போய்ப் பார்க்கிறேன். பெரும்பாலும் டிவியும் நன்றாக இருக்கும், கம்ப்யூட்டரும் நன்றாக இருக்கும். நடுவில் ஓடுகிற கேபிள்தான் படுத்தும்.

முதலில் அந்த 2.0. எச்டிஎம்ஐ 2.0 வந்தது 2013-இல், 2.1 வந்தது 2017-இல். இவை கம்ப்யூட்டர், டிவி போன்ற கருவிகளுக்கான பதிப்பு எண்கள். கேபிளுக்கு அப்படி எண் கிடையாது. கேபிளில் பதிப்பு எண்ணை அச்சடித்து விற்கக் கூடாது என்பது எச்டிஎம்ஐ உரிமம் தருபவர்களின் விதி. கேபிளை வகைப்படுத்துவது வேகத்தை வைத்துத்தான். ஹை ஸ்பீட் என்றால் நொடிக்கு 10.2 ஜிகாபிட், பிரீமியம் ஹை ஸ்பீட் என்றால் 18, அல்ட்ரா ஹை ஸ்பீட் என்றால் 48. பின்னால் சொன்ன இரண்டுக்கும் சோதனை உண்டு. தேறிய கேபிளின் பெட்டியில் கியூஆர் கோடு போட்ட முத்திரை ஒட்டியிருக்கும், அதற்கான ஆப் வைத்து போனிலேயே சரிபார்க்கலாம். "2.0 வெர்ஷன், 4கே, 3டி, கோல்டு பிளேட்டட்" என்று கொட்டை எழுத்தில் இருந்து, மேலே சொன்ன வகைப் பெயர் எங்குமே இல்லையென்றால் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தங்க முலாம் முனையில் களிம்பு பிடிக்காமல் காக்கும், அவ்வளவுதான். படத்தின் அழகு அதனால் துளியும் கூடாது.

வேகத்துக்கும் நீளத்துக்கும் என்ன சம்பந்தம்? தொலைபேசியில் பேசும் குரல் ஒரு ஜோடிச் செம்புக் கம்பியில் நாலைந்து கிலோமீட்டர் சாதாரணமாகப் போகும். அதே கம்பியில் பிராட்பேண்ட் கொடுத்தபோது, எக்ஸ்சேஞ்சிலிருந்து தள்ளியிருந்த வீடுகளில் வேகம் படுத்துவிட்டது. அதிர்வெண் ஏற ஏற, செம்பு சிக்னலைத் தின்னும். சாதாரண ஃபுல் எச்டி படம், அதாவது 1080பி, நொடிக்கு 60 தடவை போவதற்கு ஏறக்குறைய 4.5 ஜிகாபிட் வேண்டும். 4கே படத்தில் புள்ளிகள் நாலு மடங்கு. அதே 60 தடவைக்கு ஏறக்குறைய 18 ஜிகாபிட் ஆகிவிடும். போன வருடம் வரை பழைய டிவியில் ஒழுங்காக ஓடிய 10 மீட்டர் கேபிள், புது 4கே டிவி வாங்கி மாட்டியதும் மக்கர் செய்வது இதனால்தான். கடையில் டிவியைத்தான் குறை சொல்வார்கள்.

கம்பியின் தடிமனும் முக்கியம். கேபிளில் 24 என்றோ 28, 30 என்றோ ஏடபிள்யூஜி எண் இருக்கும். எண் கூடினால் கம்பி மெலிந்தது. 24 என்றால் அரை மில்லிமீட்டர், நாங்கள் தெருவெல்லாம் புதைத்த அதே தடிமன். 30 என்றால் அதில் பாதிதான். மெலிந்த கேபிள் வளைக்கச் சுலபம், பார்க்கவும் நேர்த்தி, ஒன்றரை மீட்டருக்குக் குற்றம் இல்லை. 10 மீட்டருக்கு அதையே கொடுத்தால் வாங்காதீர்கள்.

நான் பார்த்த வரையில் 4கே 60-க்கு, முத்திரை உள்ள செம்புக் கேபிள் 5 மீட்டர் வரை நம்பகம். ஃபுல் எச்டிக்குத் தடித்த கேபிளில் 10 மீட்டர் தைரியமாகப் போகலாம். 15 என்றால் டிவியைப் பொறுத்து, கம்ப்யூட்டரைப் பொறுத்து, அன்றைய ராசியைப் பொறுத்து. எச்டிஎம்ஐ விதியில் இத்தனை மீட்டர்தான் என்று எங்கும் சொல்லவில்லை. அந்த ஓட்டையில்தான் 20 மீட்டர், 30 மீட்டர் செம்புக் கேபிளெல்லாம் விற்பனைக்கு வருகின்றன.

கேபிள் தாங்கவில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய விஜிஏ கேபிள் நீண்டால் எழுத்து மங்கும், நிழல் விழும். எச்டிஎம்ஐயில் மங்கல் கிடையாது. கறுப்பான காட்சியில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், நொடி நேரம் திரை இருண்டு திரும்ப வரும், அப்புறம் ஒரேயடியாக "நோ சிக்னல்". அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டு டிவி பேனலே போய்விட்டது என்று பயந்தவர்கள் உண்டு. விண்டோஸில் டிஸ்பிளே செட்டிங்ஸுக்குள் அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று இருக்கும். டிவியைத் தேர்ந்தெடுத்து, அங்கே 60 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 60 தடவை, என்பதை 30 ஆக்குங்கள். புள்ளிகள் சட்டென்று நின்றுவிட்டால் டிவி நிரபராதி, கேபிளுக்குத்தான் அந்த வேகத்தில் திராணியில்லை. பாடம் நடத்த, சினிமா பார்க்க 30-ஏ போதும் என்றால் அப்படியே விட்டுவிடலாம், காசு மிச்சம். மவுஸ் அம்பு கொஞ்சம் தயங்கித் தயங்கி நகரும், அவ்வளவே.

எங்கள் ஊர்ப் பழைய வீடுகள் ஒரு தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீண்டவை. நடு முற்றமான வளவைத் தாண்டிக் கேபிள் போக வேண்டும். டேப்பை நேராகப் பிடித்து 8 மீட்டர் என்பார்கள். நிலைப்படியின் மேல் ஏறி, மூலை திரும்பி, டிவியின் பின்னால் இறங்கினால் 13 ஆகிவிடும். போகிற வழியிலேயே கயிறு விட்டு அளக்க வேண்டும். போதவில்லை என்று கப்ளர் வைத்து இரண்டு கேபிளை ஒட்டுவது வேண்டாம். ஒவ்வொரு ஜாயிண்டிலும் சிக்னல் இழப்பு உண்டு என்பதை ஜாயிண்ட் போட்டவன் சொல்கிறேன்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எலக்ட்ரீஷியன் எல்லாவற்றுக்கும் முக்கால் இஞ்ச் பைப்பைத்தான் புதைப்பார். எச்டிஎம்ஐ முனையின் உலோகப் பகுதியே 14 மில்லிமீட்டர் அகலம், மேல் மூடியோடு சேர்த்தால் 20-ஐ ஒட்டி வரும். அந்தப் பைப்பில் நுழையாது. நேர்ப் பைப்பில் எப்படியோ திணித்தாலும் எல்போவில் சிக்கிக்கொள்ளும். பூச்சு முடிந்து பெயின்டும் அடித்த பிறகு சுவரை உடைத்ததைப் பார்த்திருக்கிறேன். டிவிக்குப் போகும் வழியில் மட்டும் ஒன்றரை இஞ்ச் பைப், எல்போ இல்லாமல் நீண்ட பெண்டு, உள்ளே ஒரு ஜி.ஐ. கம்பி. இவ்வளவு போதும், நாளைக்கு எந்தக் கேபிள் வந்தாலும் இழுத்துக்கொள்ளலாம்.

10 மீட்டரைத் தாண்டினால் ஃபைபர் கேபிள்தான் சரி. ஆக்டிவ் ஆப்டிகல் என்று விற்பார்கள். படத்தை ஒளியாக மாற்றிக் கண்ணாடி இழையில் அனுப்பி, டிவி முனையில் மறுபடி மின்சாரமாக்கும். 30 மீட்டருக்கும் 4கே அலுங்காமல் போகும். விலை கூடத்தான். இதில் இரண்டு விஷயம். ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறுமுனையில் டிஸ்பிளே அல்லது டிவி என்றும் எழுதியிருக்கும். மாற்றி மாட்டினால் படமே வராது. சுவருக்குள் இழுப்பதற்கு முன் தரையில் விரித்துப் போட்டு ஓட்டிப் பாருங்கள். அடுத்து, மடக்கிக் கட்டக் கூடாது. மீதியைச் சின்னச் சுருளாகச் சுருட்டி இறுக்கிக் கட்டுகிற நம் பழக்கம் கண்ணாடி இழைக்கு ஆகாது.

கல்யாண மண்டபத்தில் மேடையில் நடப்பதைப் பந்தி நடக்கும் இடத்து டிவியில் காட்டுகிறார்கள். அங்கே தூரம் கூடுதல், ஃபைபரைத் தவிர இன்னொரு வழியும் உண்டு. எச்டிபேஸ்டி எக்ஸ்டெண்டர் என்று ஒரு ஜோடிப் பெட்டி இருக்கிறது. நடுவில் கேட்-6 நெட்வொர்க் கேபிள் போட்டால் ஃபுல் எச்டியை 100 மீட்டர் வரை கொண்டுபோகும். கேட்-6 என்ற பெயரில் செம்பு பூசிய அலுமினியக் கம்பியும் விற்கிறது. பிளேடால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

பாதுகாப்பு பற்றிப் பெட்டியில் யாரும் எழுதுவதில்லை. நீண்ட கேபிள் என்றால் இரண்டு அறையின் எர்த்தையும் சேர்த்துக் கட்டுகிறோம் என்று அர்த்தம். எர்த் சரியில்லாத வீட்டில், செருகும்போது விரலில் சுருக்கென்று அடிக்கும், சில சமயம் டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டே போய்விடும். இரண்டையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கத் தொடங்கும் முன்பே, டிஷ் வயரைக் கழற்றுகிற மாதிரி இதையும் கழற்றி வையுங்கள்.

இவ்வளவும் சொன்னேன், ஆனால் பாதி வீடுகளுக்கு நீளக் கேபிளே தேவையில்லை. கம்ப்யூட்டரை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, 2 மீட்டர் கேபிளில் இணைத்து, வயர்லெஸ் கீபோர்டும் மவுஸும் வாங்கிக்கொண்டால் ஃபைபர் கேபிளைவிட மலிவு. பேரன் கேம் விளையாட வேண்டும், கம்ப்யூட்டர் அவன் அறையில்தான் இருக்க வேண்டும் என்கிற வீட்டுக்கு இது சரிப்படாது, ஒப்புக்கொள்கிறேன்.

கடைக்காரர்களை மட்டும் நான் குறை சொல்லவில்லை. "15 மீட்டர் குடுங்க" என்றால் 15 மீட்டர் கொடுக்கிறார்கள். பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. அதுகூட இல்லாத கேபிள்கள் தாராளமாகப் புழங்குகின்றன. ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். பில் வாங்கியிருக்க வேண்டும்.

பள்ளிகளுக்கு வாங்கும்போதுதான் எனக்கு ஆதங்கம். நான் பார்த்த கொள்முதல் பட்டியல்களில் டிவிக்கு அரைப் பக்கம் விவரம் இருக்கும். கடைசி வரியில் "எச்டிஎம்ஐ கேபிள், 15 மீட்டர், 1 எண்ணம்" என்று மட்டும் இருக்கும். குறைந்த விலை கேட்டவர் மெலிந்த செம்புக் கேபிளைக் கொடுத்துவிட்டுப் போவார். வகுப்பு நடுவில் படம் போகும், டீச்சர் பிள்ளைகள் முன்னால் கேபிளை ஆட்டிக்கொண்டு நிற்பார். அந்த வரியில் எந்த வேக வகை, முத்திரை உண்டா, செம்பா ஃபைபரா என்று சேர்த்து எழுதி, பொருத்திய நாளில் 60 ஹெர்ட்ஸில் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டிய பிறகுதான் பில் பாஸ் செய்ய வேண்டும். பட்டியல் தயாரிக்கும் அதிகாரிகள் கண்ணில் படும்படி இதை வெளியிட்டால் நன்றி உடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலைபேசி ஊழியர்,
காரைக்குடி.