சிகிச்சை முடித்த பெண்களுக்கு எஸ்சிசி ஆன்டிஜென் பரிசோதனை கேட்டு மனு

அனுப்புநர்:
சிகிச்சை முடித்த ஒரு தாயின் மகள்,
திருவண்ணாமலை மாவட்டம்.

பெறுநர்:
அரசுச் செயலாளர்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: கருப்பை வாய்ப் புற்றுநோய் திரும்புவதை முன்கூட்டி அறியும் ரத்தப் பரிசோதனையை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் அம்மாவுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். அரசு மருத்துவமனையில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, கீமோவும் கொடுத்து முடித்தார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறையெல்லாம் அதற்கு அப்புறம்தான். செக்கப்புக்குப் போனால் வலி உண்டா, ரத்தப்போக்கு உண்டா என்று கேட்டு, உள்பரிசோதனை செய்து அனுப்புகிறார்கள். கதிர்வீச்சு பட்ட இடம் இறுகிப்போவதால், கைக்குத் தட்டுப்படுவது தழும்பா, திரும்பி வந்த கட்டியா என்று பிரித்துச் சொல்வது டாக்டருக்கே சிரமம்.

எஸ்சிசி ஆன்டிஜென் என்ற புரதம் 1977-லேயே ஜப்பானில் கண்டறியப்பட்டது. இந்தப் புற்றுநோயில் பெரும்பாலானவை செதில் செல் வகை, அதாவது செதில் போன்ற தட்டையான செல்களில் தோன்றுபவை. அந்தக் கட்டிதான் இதை ரத்தத்தில் கலக்கவிடுகிறது. சிகிச்சை பலித்தால் அளவு இறங்கும். இறங்காமல் நின்றாலோ, இறங்கியது மறுபடி ஏறினாலோ சந்தேகப்பட வேண்டும். பலருக்கு அறிகுறி தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பே இது ஏறிவிடுகிறது. இடுப்புக்குள் ஓரிடத்தில் மட்டும் நோய் திரும்பியிருந்தால் சிலருக்கு அறுவை சிகிச்சையாவது செய்து பார்க்கலாம். நுரையீரல் வரை போன பிறகு அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும்.

இதை மட்டும் நம்பி முடிவு கட்டச் சொல்லவில்லை. சோரியாசிஸ், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது ஏறும். தோலிலும் எச்சிலிலும்கூட இந்தப் புரதம் இருப்பதால், லேபில் கவனக்குறைவாகக் கையாண்டாலே பொய்யாக ஏற்றிக் காட்டும். அதனால் ஏறினால் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து, அப்புறம் ஸ்கேன்.

நான் கேட்பது இதுதான். செதில் செல் வகை என்று பயாப்ஸியில் தெரிந்தவர்களுக்குச் சிகிச்சை தொடங்கும் முன்பே ஒருமுறை அளவு எடுத்துக் குறித்து வைக்க வேண்டும். என் அம்மாவுக்கு எடுக்கவில்லை. இப்போது தனியார் லேபில் காசு கொடுத்து எடுக்கும் எண்ணை எதோடு ஒப்பிடுவது? நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் 2, 3 ஆண்டுகளுக்குள்தான் என்பதால், முதல் 2 ஆண்டுகள் 3 மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் நல்லது. தைராய்டு அளவு பார்க்கும் கருவிகள் பலவற்றில் இதையும் பார்க்கலாம். அதற்குரிய ரீஏஜென்ட் (பரிசோதனை ரசாயனம்) வாங்கினால் போதும். ரத்தத்தை வட்டார மருத்துவமனையிலேயே எடுத்து மருத்துவக் கல்லூரி லேபுக்கு அனுப்பினால், கூலி வேலைக்குப் போகும் பெண்கள் அதற்காக ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டியதில்லை.

ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)