வேலைக்காரிக்குத் திறக்காத வாய்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த செயற்கை நுண்ணறிவுக் கட்டுரை, ஃபிராங்கன்ஸ்டைன் கதையைப் 'படைத்தவனையே கொன்ற பூதம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. 1818-ல் வெளிவந்த மேரி ஷெல்லியின் நாவலில் அப்படி நடக்கவில்லை. விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் வடதுருவக் கடலில், தன்னை ஏற்றிக்கொண்ட கப்பலில், உடம்பு தேய்ந்து சாகிறான். அவன் படைத்த ஜீவன் கொன்றது அவனை அல்ல, அவனைச் சேர்ந்தவர்களை.

கட்டுரையில் விட்டுப்போன ஒரு பெயர் ஜஸ்டீன். விக்டர் வீட்டு வேலைக்காரப் பெண். ஜீவன் கண் திறந்த ராத்திரியே அதைப் பார்க்கச் சகிக்காமல் ஓடியவன் விக்டர், பெயர்கூட வைக்கவில்லை. போன இடமெல்லாம் அடி வாங்கிய அது, கடைசியில் ஜெனீவாவுக்கு வந்து விக்டரின் சின்னத் தம்பியைக் கழுத்தை நெரித்துக் கொன்றது. பையனிடம் இருந்த, அம்மாவின் படம் பதித்த நகையை எடுத்து, கொட்டகையில் வைக்கோல்மேல் தூங்கிக்கொண்டிருந்த ஜஸ்டீனின் உடுப்பில் செருகிவிட்டுப் போனது. நகை அவளிடம் அகப்பட்டது, அவ்வளவுதான். பாதிரியார் மிரட்டிய மிரட்டலில் செய்யாத கொலையை அவளே ஒப்புக்கொண்டாள். தூக்கில் போட்டார்கள்.

விசாரணையின்போது விக்டர் அங்கேதான் இருக்கிறான். கொன்றது எது என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொள்கிறான். சரி, பயம் என்று விட்டுவிடலாம். ஆனால் பின்னாளில் கல்யாண ராத்திரியில் மனைவி எலிசபெத்தை அது கொன்ற பிறகு, அதே ஜெனீவாவில் ஒரு மாஜிஸ்திரேட்டிடம் போய் ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொல்கிறானே! மனைவிக்காகத் திறந்த வாய் வேலைக்காரிக்காகத் திறக்கவில்லை.

மதுரைக்காரர்களுக்கு இந்த இடம் உறுத்தாமல் போகாது. கையில் இருந்த நகையை வைத்தே ஒருவனைத் திருடன் என்று வெட்டிய கதை நம் ஊர்க் கதை. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் சாக்குப்போக்குச் சொல்லவில்லை. பொற்கொல்லன் பேச்சைக் கேட்டது தன் குற்றம் என்று அங்கேயே உயிரை விட்டான்.

விக்டரோ சாகக் கிடக்கும்போதுகூட, நடந்ததையெல்லாம் யோசித்துப் பார்த்தேன், என்மேல் பழி சொல்ல ஒன்றுமில்லை என்கிறான். அவன் பிணத்தருகில் நின்று தன்னைத் தானே சபித்துக்கொள்வது அந்த ஜீவன்தான். வடக்கே போய்த் தானே சிதை மூட்டி எரிந்துவிடுவதாகச் சொல்லிவிட்டுப் பனிமிதவையில் குதித்துப் போகிறது. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பச்சைப் பிள்ளையைக் கொன்றது கொன்றதுதான். ஆனாலும் பாண்டியன் பக்கத்தில் யாரை நிறுத்துவது என்று கேட்டால் என் ஓட்டு விக்டருக்கு இல்லை.

எந்திரம் மனிதனை அழித்துவிடுமா என்பதையே எல்லாரும் எழுதுகிறார்கள். அது தப்பாகக் கைகாட்டியதால் மாட்டிக்கொண்டவர் யார், உண்மை தெரிந்தும் சும்மா இருந்த கம்பெனிக்காரர் யார் என்று உங்கள் நிருபர்கள் விசாரித்து எழுதினால் நன்றாக இருக்கும்.

அப்புறம், கட்டுரையோடு போட்ட படத்தில் இருக்கும் கழுத்து போல்ட் 1931-ல் வந்த சினிமாவின் கைங்கர்யம். நாவலில் அதற்கு எட்டடி உயரம், மஞ்சள் தோல், நீண்ட கருமுடி. ஓவியரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிம்மக்கல், மதுரை