பம்பை தப்பாமல் வெட்டித் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

எங்கள் பேய்ப் படத்தின் தொடக்கத்தில் ஓடும் நன்றி அட்டையில் குலதெய்வம் உண்டு, வீடு கொடுத்த ஊர்க்காரர்கள் உண்டு, ஜெனரேட்டர் கொடுத்தவர்கூட உண்டு. படம் லாக் ஆன பிறகு, அதாவது எடிட்டிங் இறுதியான பிறகு, ராத்திரி பகலாக உழைத்தவர்கள் மட்டும் அதில் இல்லை. மறதியால் விட்டதல்ல. டைட்டில் கார்டு முடிந்த பிறகுதான் அவர்கள் வேலையே ஆரம்பமாகிறது. சான்றிதழ் வாங்கிய படத்தில் ஒரு பெயரைச் செருகினாலும் அது மாற்றம்தான். அதற்கும் தணிக்கை வாரியத்துக்கு எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, கோடம்பாக்கத்தில் சென்சார் ஸ்கிரிப்ட் (தணிக்கைக்குக் கொடுக்கும் வசனப் பிரதி) தட்டித் தந்த அக்காவுக்கு. படப்பிடிப்புக்கு எடுத்துப்போன திரைக்கதையைக் கொடுத்தால் அக்கா கையால் தொடவே மாட்டார். எல்லா ஒலியும் சேர்த்து ஃபைனல் மிக்ஸ் போட்ட படம் வேண்டும் என்பார். டப்பிங்கில் பாதி வசனம் மாறியிருக்கும். ஸ்பாட்டில் நடிகர் சொந்தமாகப் போட்ட கெட்ட வார்த்தை ஒன்று ஒளிந்திருக்கும். காகிதத்தில் ஒன்றும் திரையில் ஒன்றுமாக இருந்தால் பார்க்கிறவர்களுக்கு மற்ற இடங்களிலும் சந்தேகம் வரும். பேய்ப் படத்தில் இன்னொரு தொல்லை, முணுமுணுப்பு. பூசாரி வாய்க்குள் சொல்லும் மந்திரம், பேய் பிடித்தவள் பின்னணியில் உளறுவது எல்லாமே வசனம்தான். 'முணுமுணுக்கிறாள்' என்று போட்டுவிட்டு நகர முடியாது. அக்கா ஹெட்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டு ஒவ்வொரு சொல்லையும், அது படத்தில் வரும் நேரத்தைக் காட்டும் டைம்கோடோடு எழுதினார். சுவரில் கரியால் கிறுக்கியிருந்த எழுத்தைக்கூட விடவில்லை.

அடுத்து சேவல். சுடுகாட்டில் நடக்கும் மயானக் கொள்ளைச் சடங்குக் காட்சியில் சேவல் இல்லாமல் எப்படி? தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டின் உயிர்ப்பலித் தடைச் சட்டம் 2004இலேயே ரத்தாகிவிட்டது. ஊர்க்கோயிலில் அறுக்கலாம், சினிமாவில் சேவலை நடக்கவிட்டாலே விலங்கு நல வாரியத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். எடுப்பதற்கு முன்னால் ஒரு அனுமதி, எடுத்து முடித்த பிறகு ஒரு சான்று. எடுத்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட சின்னப் படங்கள்தான் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கின்றன. அந்த வாரியம் திருவான்மியூரில் இருந்தவரை ஆட்டோ பிடித்துப் போய்க் கேட்கலாம். 2018இல் அரியானாவின் பல்லப்கருக்குப் போய்விட்டது. இப்போது எல்லாம் கடிதமும் காத்திருப்பும்தான். அறுபடும் சேவல் முழுக்க கிராஃபிக்ஸ் என்பதைக் காட்ட, ஷாட் உருவான விதத்தை வெற்று ஃபிரேமிலிருந்து படிப்படியாக அடுக்கி வீடியோவாக்கித் தந்த கிராஃபிக்ஸ் தம்பிக்கு நன்றி. வெறும் உறுதிமொழிக் கடிதத்தைவிட அந்த வீடியோதான் வேலை செய்தது.

செத்த கிழவர் ஆவியாக வந்து பீடி பிடிக்கும் காட்சிக்கும் இதே கதைதான். பீடி பிடிப்பது பேயாக இருந்தாலும் கீழே எச்சரிக்கை வாசகம் ஓடியே ஆக வேண்டும். தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பிறகும் 30 நொடி விழிப்புணர்வுப் படம் ஒன்று, 20 நொடி அறிவிப்பு ஒன்று. இரண்டும் வேறு வேறு. ஒன்றைப் போட்டுவிட்டு இன்னொன்றை மறப்பதுதான் வழக்கமான தவறு. வாசகம் படத்தின் மொழியிலேயே, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்தில் இருக்க வேண்டும். இருட்டுக் காட்சியில் அந்த வெள்ளைப் பட்டை கண்ணைக் குத்தத்தான் செய்யும். வேறு வழியில்லை.

நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள தணிக்கை அலுவலகம் வழியாக எங்கள் படத்தைப் பார்த்த குழுவினருக்கும் நன்றி. உள்ளே என்ன பேசினார்கள் என்பது ரகசியம். அது அப்படியே இருக்கட்டும். 1991இன் வழிகாட்டு நெறிகளில் கொடூரமும் திகிலும் தேவையில்லாமல் காட்டப்படக் கூடாது என்று ஒரு வரி உண்டு, எந்த மதத்தாரையும் இழிவுபடுத்தக் கூடாது என்று ஒரு வரி உண்டு. எங்கள் படம் இரண்டு வரிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தது. வாக்குவாதம் நடந்தது உண்மை. ஆனால் வந்த கட் லிஸ்டில் 'சாமியாடும் காட்சியைக் குறைக்கவும்' என்ற மொட்டை வாசகம் எதுவும் இல்லை; எந்த ஷாட், எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்று இருந்தது. 'குறைக்கவும்' என்று வந்தால் எவ்வளவு குறைத்தால் போதும் என்பதே அடுத்த சண்டையாகிவிடும்.

இனி இந்த மடலின் தலைப்புக்கு வருகிறோம். எடிட்டர் அண்ணனும் சவுண்ட் எடிட்டரும் செய்ததை எந்தப் பேட்டியிலும் சொல்ல முடியாது, சொன்னாலும் புரியாது. இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்லிவிடுகிறோம்.

சேவலின் கழுத்தைக் கடிக்கும் ஷாட்டில் 1 நொடி 18 ஃபிரேம் போக வேண்டும். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் மொத்தம் 42. படத்தில் 42 ஃபிரேமை உருவுவது அரை நிமிட வேலை. ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சின்னத் துண்டாக (சாம்பிள்) பதிவதால், ஒரு ஃபிரேம் என்பது 2,000 சாம்பிள். ஆகவே 84,000 சாம்பிளை 5.1 ஒலியின் ஆறு தடத்திலும் ஒரே இடத்தில் உருவ வேண்டும். அதுவும் பெரிதில்லை. சிக்கல் பம்பை மேளத்தில் இருந்தது. தாளம் பிசகாமல் காதில் தட்டிக்கொண்டே இருக்கும் கிளிக் டிராக்கை வைத்துப் பிடித்த அந்த அடி நிமிடத்துக்கு 120. அதாவது ஒரு அடிக்கு 12 ஃபிரேம். 42ஐ 12ஆல் வகுத்தால் மூன்றரை. வெட்டிய இடத்தில் பம்பை அரை அடி தடுக்கி விழும். பார்ப்பவனுக்குக் காரணம் தெரியாது, ஆனால் 'இங்கே ஏதோ வெட்டியிருக்கான்' என்று காது சொல்லிவிடும். பயம் அந்த இடத்திலேயே வடிந்துபோகும்.

சவுண்ட் எடிட்டர் சொன்ன வழி: இன்னும் 6 ஃபிரேமைச் சேர்த்து 48ஆக வெட்டு. சரியாக நாலு அடி. கேட்டது 42, கொடுப்பது 48. கூடுதல் 6 ஃபிரேம் நாமாக விட்டுக்கொடுத்தது என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டும். குறைவாக வெட்டினால் மட்டுமல்ல, கூடுதலாக வெட்டிவிட்டுச் சொல்லாமல் இருந்தாலும் தப்புதான். வெட்டு முடியும் இடத்தில் உடுக்கையின் அதிர்வு பாதியில் அறுந்து நின்றது. அறுந்த வாலை ஒட்டாமல், வெட்டுக்கு முந்தைய அடியின் எதிரொலியைத் தனியாக எடுத்து அடுத்த ஷாட்டின் மேல் படரவிட்டார். கழுத்தைக் கடிப்பது இப்போது திரையில் இல்லை. ஆனால் கடித்ததாகச் சத்தியம் செய்கிறவர்களை நாங்கள் தியேட்டர் வாசலில் பார்த்தோம். ஆதாரத் தடங்களை வசனம், இசை, எஃபெக்ட்ஸ் என்று தனித்தனியாகப் பாதுகாத்து வைத்திருந்ததால்தான் இது முடிந்தது. ஒரே கலவையாக மட்டும் ஃபைல் வைத்திருப்பவர்கள் சென்சார் கட் வந்தால் கையைப் பிசைய வேண்டியதுதான்.

அப்படியும் 'ஏ' தான் கிடைத்தது. மறுபடி பார்க்கும் ரிவைசிங் கமிட்டிக்குப் போகலாமா என்று யோசித்தபோது போக வேண்டாம் என்று தடுத்த தயாரிப்பு நிர்வாகி அண்ணனுக்கு நன்றி. அங்கே புதிய ஆட்கள் பார்ப்பார்கள், முதல் குழுவில் இருந்தவர் யாரும் வர மாட்டார். ஆனால் முதலில் காட்டிய அதே வடிவத்தைத்தான் காட்ட வேண்டும். கூடுதல் வெட்டு வந்தால் அதையும் ஏற்க வேண்டும். அதற்கு மேல் முறையிட இருந்த தீர்ப்பாயத்தை 2021இல் எடுத்துவிட்டார்கள்; நேரே உயர் நீதிமன்றம்தான். ரிலீஸ் தேதி குறித்த சின்னப் படம் தாங்காது. தொலைக்காட்சி உரிமை போய்விடுமே என்ற பயத்துக்கும் அண்ணனிடம் பதில் இருந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, 'ஏ' வாங்கிய படத்துக்குச் சின்னத்திரைக்கென்று தனியாக வெட்டித் தனிச் சான்றிதழ் கேட்கலாம். 'ஏ' ஒன்றும் அவமானமில்லை. தமிழில் முதன்முதலில் அந்த முத்திரை வாங்கியது 1951இல் வந்த 'மர்மயோகி'. காரணம், அதில் வந்த ஆவி. எம்.ஜி.ஆர். படத்துக்கே அந்தக் கதி!

வெளியீட்டுக்கு முந்தைய வாரம் படத்தைத் தடை செய்யச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் மனு வந்தது. போஸ்டர் ஒட்டிய அன்றே கேவியட் என்ற முன்னெச்சரிக்கை மனு போட்டு வைத்த வழக்கறிஞர் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது? கேவியட் 90 நாள் நிற்கும். அது இருந்தால் நம் தரப்பைக் கேட்காமல் இடைக்காலத் தடை வராது. அவர் கையில் இருந்த முக்கியமான தீர்ப்பு 1989இல் 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கலவரம் செய்வோம் என்ற மிரட்டலுக்காகச் சான்றிதழ் பெற்ற படத்தை நிறுத்த முடியாது, பாதுகாப்புத் தருவது அரசின் கடமை. பம்பை வாசித்த கலைஞர்கள் காட்சியைப் பார்த்துவிட்டு எழுதித் தந்த கடிதமும் அந்தக் காகிதக் கட்டுக்குள் இருந்தது. சடங்கு தப்பாகக் காட்டப்படவில்லை என்று அதைச் செய்கிறவர்களே சொன்னதற்கு ஈடாக எங்களிடம் வேறு எந்தக் காகிதமும் இல்லை.

தியேட்டருக்குப் போகும் பிரதியைத் தயாரிக்கும் மாஸ்டரிங் தம்பி எங்கள் பேச்சைக் கேட்காததற்காக நன்றி. மூன்றாவது ரீல் மட்டும்தானே மாறியிருக்கிறது, அதை மட்டும் கூடுதல் ஃபைலாக அனுப்பிவிடலாம் என்றோம். வெட்டின காட்சி இருக்கும் ஹார்ட் டிஸ்க் ஊர் சுற்றவே கூடாது என்று முழு டி.சி.பி.யையும் (தியேட்டரில் ஓடும் டிஜிட்டல் பிரதி) ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி எடுத்தார். நொடிக்கு 250 மெகாபிட் உச்சத்தில் நிமிடத்துக்கு 1.9 ஜி.பி. வரை வரும், எடுப்பதைவிட ஒவ்வொரு பிரதியாகச் சரிபார்ப்பதில்தான் நேரம் போயிற்று. ஆபரேட்டர் தவறுதலாகப் பழைய வடிவத்தைத் தட்டியிருந்தால் சான்றிதழ் இல்லாத காட்சியைக் காட்டிய குற்றம் தியேட்டர் மேலும் விழும். இவர் சொன்னதுதான் சரி.

புதிய டி.சி.பி. என்றால் சாவியும் புதிது. பிரதியைத் திறக்கும் பழைய டிஜிட்டல் சாவி (கே.டி.எம்.) திறக்காது. அந்தச் சாவியில் இரண்டு பிசகு வழக்கமாக வரும். ஒன்று நேரம்: உலகப் பொது நேரப்படி வெள்ளி 00:00 என்று போட்டால் நம் ஊரில் காலை 5.30க்குத்தான் திறக்கும், வியாழன் ராத்திரி டெஸ்ட் ஓட்ட முடியாது. இன்னொன்று, படத்தை ஓட்டும் கருவியில் பழுதான மீடியா பிளாக்கைத் தியேட்டர் மாற்றியிருப்பார்கள், சாவி தயாரிக்கும் பட்டியலில் அதன் பழைய எண்ணே இருக்கும். செங்கல்பட்டு விநியோக ஏரியா முழுக்க ஒவ்வொரு தியேட்டருக்கும் போன் செய்து எண்ணைச் சரிபார்த்த டிஸ்ட்ரிபியூஷன் ஆபீஸ் பையன்களுக்கு நன்றி. எம்.ஜி. எனும் குறைந்தபட்ச உத்தரவாதப் பணம் எதுவும் கொடுக்காமல், வெறும் கமிஷனுக்கு டிஸ்ட்ரிபியூஷனில்தான் எடுத்தார்கள், ஆனால் இந்த வேலையில் குறை வைக்கவில்லை.

ஒற்றைத் திரை அரங்குகளின் ஆபரேட்டர்களுக்குத் தனி வணக்கம். தியேட்டரின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 7இல் இருக்கும் என்று வைத்துத்தான் படத்தை மிக்ஸ் செய்கிறோம். போன வாரம் ஓடிய மாஸ் படத்தின் இரைச்சலுக்குப் பயந்து 5இல் வைத்திருப்பார்கள். ஒரு எண்ணுக்கு 3.3 டெசிபல் வீதம் கிட்டத்தட்ட 7 டெசிபல் போய்விடும். சண்டைப் படத்தில் அது தெரியாது. பேய்ப் படத்தில் கிசுகிசுப்பு ஏ.சி. இரைச்சலுக்குள் போய்விடும். திரை வெளிச்சமும் அப்படித்தான். 14 அடி-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டிய இடத்தில், லாம்ப் பழசாகிப் போனால் இருட்டுக் காட்சியெல்லாம் வெறும் சேறு. கலரிஸ்ட் நிழல் பகுதிகளைக் கொஞ்சம் தூக்கி வைத்தது அதற்காகத்தான். எங்கள் துண்டுச் சீட்டைப் படித்து ஃபேடரை 7க்கு ஏற்றியவர்களும், 'சார், ஏழுல வச்சா ஸ்பீக்கர் கிழியும், ஆறே காலு வைக்கிறேன்' என்று நேர்மையாகச் சொன்னவரும் எங்கள் படத்தைக் காப்பாற்றியவர்கள்.

வாசலில் நின்று வயது கேட்ட டிக்கெட் கிழிப்பவர்களுக்கும் நன்றி. 'குழந்தை தூங்கிடும்ண்ணே' என்று கெஞ்சிய பெற்றோரைத் திருப்பி அனுப்பி, திட்டையும் அவர்களே வாங்கிக்கொண்டார்கள். மைதாவில் துத்தம் கலந்து பசை காய்ச்சி, 'ஏ' எழுத்தின் மேல் வேறு தாள் படாமல் ஒட்டிய போஸ்டர் தோழர்களுக்கும்.

கடைசியாக ஒன்று. ஹார்ட் டிஸ்குகளில் நான்கு இன்னும் திரும்பவில்லை. தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிய பிறகு எந்த லாரி பார்சலில் போட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறோம். போஸ்டர் தோழர்களின் இரண்டாம் வாரப் பாக்கி இந்தச் சனிக்கிழமை வந்துவிடும்.

அன்புடன்,
படக்குழுவினர்
சென்னை